பொதுக் காட்டில் கேமரா கட்டப் போறியா, தம்பி?

வேட்டை லைசென்ஸ் வாங்கியாச்சு, ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடிஞ்சாச்சு, ரெண்டு டிரெயில் கேமராவுக்கு ஆர்டரும் போட்டாச்சு என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். சந்தோஷம்டா. துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது, வேலி தாண்டும் முன் குண்டை எடுத்துவிடுவது, ஆரஞ்சு உடை போடுவது எல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கேமரா பற்றி அங்கே அவ்வளவாகப் பேச்சு வந்திருக்காது. ஆனால் விஸ்கான்சின் காட்டில் நான் கேட்ட மனஸ்தாபங்களில் பாதிக்கு மேல், மிருகம் கடந்தால் தானே படம் எடுக்கும் அந்தச் சின்னப் பெட்டியில்தான் ஆரம்பித்திருக்கின்றன. நீ அதை மரத்தில் கட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்.

நீ போகப்போவது செக்வாமெகன்-நிக்கோலே தேசியக் காடு. சுமார் 15 லட்சம் ஏக்கர். அதைத் தவிர இந்த மாநிலத்தில் கவுண்டி காடுகள் மட்டும் சுமார் 24 லட்சம் ஏக்கர் இருக்கின்றன. இவ்வளவு பரப்பில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே வேட்டையாடிவிட்டு வீடு திரும்பலாம் என்று தோன்றும். மான் அப்படி விடாது. இரண்டு சதுப்புக்கு நடுவில் ஒரு மேடு, மரம் ஏற்றிப் போன பழைய லாரிப் பாதை, ஓடை குறுகும் துறை என்று வெள்ளைவால் மான் நடக்கிற வழிகள் கொஞ்சம்தான். மேப் பார்க்கத் தெரிந்த எவனுக்கும் அவை கண்ணில் படும். ஆன்எக்ஸ் மேப் ஆப் எல்லோர் போனிலும் இருக்கிற காலம் இது. நீயே தேடிக் கண்டுபிடித்ததாக நினைக்கும் ரகசிய இடத்தில் ஏற்கெனவே ஒரு பெட்டி உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படாதே.

அந்த நேரத்தில் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இடம் யாருக்கும் சொந்தமில்லை. பெட்டி, கட்டியவனுக்குச் சொந்தம். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட் பிடிப்போமே, அந்தப் புத்தியோடு இங்கே கேமரா கட்டுகிறவர்கள் ஏராளம். கட்டிவிட்டு, பக்கத்தில் எவனாவது பரண் போட்டால் ‘என் இடத்துக்கு வந்துட்டான்’ என்று கொதிப்பார்கள். வந்தவனோ ‘பொது நிலம்தானே’ என்று பெட்டியைத் திறந்து பார்ப்பான். இரண்டு பேர் செய்வதும் தப்பு. முதல் ஆளின் தப்பு மரியாதை சம்பந்தப்பட்டது. இரண்டாவது ஆளின் தப்பு போலீஸ் சம்பந்தப்பட்டது.

எந்த மாநிலம், எந்த நிலம்?

கேமரா கட்டுவதே குற்றமாக இருக்கும் இடங்கள் உண்டு. அரிசோனாவில் 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா வைக்கவே கூடாது. வறண்ட ஊர் அது. மிருகங்கள் தண்ணீருக்கு வந்துதான் ஆக வேண்டும். ஒரே குட்டையைச் சுற்றி ஏகப்பட்ட கேமராக்கள், அதைப் பார்க்க வரும் ஆட்கள், அவர்களுக்குள் தகராறு என்று போய்க் கடைசியில் தடை வந்தது. நெவாடாவில் பொது நிலத்தில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை கூடாது. படத்தை போனுக்கு அனுப்பும் ரகம் என்றால் ஜூலை 1-லிருந்தே கூடாது. கான்சாஸில் வனவிலங்குத் துறையின் நிலங்களில் 2023-ல் தடை வந்துவிட்டது. உன் காலேஜ் நண்பன் அரிசோனாவில் ஃபீனிக்ஸில் இருக்கிறான், ‘அங்கே வந்து எல்க் வேட்டைக்குப் போகலாம்’ என்கிறான் என்றாயே, உன் கேமரா பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

விஸ்கான்சினில் அந்த அளவு கெடுபிடி இல்லை. ஆனாலும் தேசியக் காடு, கவுண்டி காடு, மாநில இயற்கை வளத் துறையின் (டி.என்.ஆர்.) நிலம் மூன்றுக்கும் நிர்வாகம் வேறு வேறு. கட்டுவதற்கு முன் அந்தந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போடு. ஐந்து நிமிஷம் ஆகும். இதில் புதுசாக வருகிறவர்களைக் குழப்புவது ‘மேனேஜ்டு ஃபாரஸ்ட்’ நிலம். வரிச்சலுகைக்காகச் சிலர் தங்கள் சொந்தக் காட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருப்பார்கள். மேப்பில் பொதுமக்கள் போகலாம் என்று காட்டும். நடக்கலாம், வேட்டையாடலாம். அதற்காக மரம் உனக்குச் சொந்தமாகிவிடாது. அங்கே ஒரு பெட்டியை மாட்டிவிட்டு வர வேண்டுமென்றால் உரிமையாளரைத் தேடிப் பிடித்துக் கேள். கேட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள். கேட்காமல் கட்டினால் அத்தனை பேரும் கழற்றி எறிவார்கள்.

கட்டும்போது

பெட்டியின் வெளிப்பக்கமும் உள்பக்கமும் உன் பெயர், முகவரி, இல்லாவிட்டால் டி.என்.ஆர். கஸ்டமர் நம்பர், அழியாத மார்க்கரில் எழுது. பல இடங்களில் இது சட்டம். சட்டம் இல்லாத இடத்திலும் எழுது. பேர் போட்ட பெட்டியில் கை வைக்க ஆளுக்குக் கொஞ்சம் கூசும். சீரியல் நம்பரை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள். திருட்டுப் போனால் ஷெரிஃப் ஆபீஸில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஆணி அடிக்காதே, ஸ்க்ரூ போடாதே. ஸ்ட்ராப் மட்டும். குறுக்கே இருக்கும் கிளையை வெட்டினால் படம் தெளிவாக வரும் என்று தோன்றும். பொதுக் காட்டில் கிளை ஒடிப்பதற்கே அபராதம் உண்டு. அதோடு, வெட்டின வெள்ளைத் தடம் ‘இங்கே ஒருத்தன் கேமரா வைத்திருக்கிறான்’ என்று போகிற வருகிறவனுக்கெல்லாம் போர்டு போட்டுக் காட்டும். முன்னால் ஆடுகிற நாலு புல்லை மிதித்துச் சாய்த்தால் போதும். அதைச் செய்யாவிட்டால் காற்றில் புல் ஆட ஆட, மெமரி கார்டு முழுக்கப் புல் படம்தான் இருக்கும்.

முகத்தை வடக்கு நோக்கி வை. காலை மாலை வெயில் லென்ஸில் விழாது. இடுப்பு உயரத்தில் கட்டினால் மான் படம் நன்றாக வரும், மனுஷன் கண்ணிலும் நன்றாகப் படும். பொது நிலத்தில் எனக்குப் பிடித்தது எட்டடி உயரம். ஏணி வைத்து ஏறிக் கட்டி, பின்பக்கம் ஒரு குச்சியைச் செருகிக் கீழே பார்க்கும்படி சாய்த்துவிடு. நடக்கிறவன் தலைக்கு மேலே பார்ப்பதில்லை. இரவில் சிவப்பாக மினுக்கும் 850 நானோமீட்டர் ரகமும் இருக்கிறது, கண்ணுக்கே தெரியாத 940 ரகமும் இருக்கிறது. இரண்டாவதில் இரவுப் படம் கொஞ்சம் மங்கல்தான். இருந்தாலும் பொது நிலத்துக்கு அதையே வாங்கு. விடியும் முன் டார்ச்சோடு பரணுக்குப் போகிறவன் கண்ணில் சிவப்பு மினுக்கல் படாது.

பேட்டரிக்குக் காசு பார்க்காதே. நவம்பர் குளிரில் சாதா ஆல்கலைன் படுத்துவிடும். லித்தியம் ஏஏ தாங்கும். இதையும் மரியாதைக் கணக்கில்தான் சேர்க்கிறேன். பேட்டரி மாற்ற நீ அடிக்கடி காட்டுக்குள் நடந்தால் உன் மான் மட்டும் விலகாது, மேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனின் மானும் விலகும். கார்டு மாற்றப் போவதென்றால் பகல் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் போ. விடியலிலும் மசங்கும் நேரத்திலும் பெட்டியைப் பார்க்கக் கிளம்புகிறவனைப் போல எரிச்சலூட்டும் ஆள் காட்டில் கிடையாது. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் துப்பாக்கி சீசனில், ‘கார்டுதானே எடுக்கப் போறேன்’ என்று சாம்பல் நிற ஜாக்கெட்டோடு போய்விடாதே. சீசனில் வேட்டைக்குப் போகிறவன் இடுப்புக்கு மேல் பாதி உடையாவது பளீர் ஆரஞ்சாகவோ பிங்க்காகவோ இருக்க வேண்டும் என்பது சட்டம். கேமரா பார்க்க மட்டும் போகும் அன்றும் அதையே போடு. தூரத்திலிருந்து ஸ்கோப் வழியாகப் பார்க்கிறவனுக்கு நீ எதற்கு வந்தாய் என்று தெரியாது.

கேமரா எதைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். மான் தடம், குளம்பால் மண்ணைச் சுரண்டிவிட்டு மேலே தொங்கும் கிளையை நக்கிப் போகும் இடம், ஓடைக்கரை: இவையெல்லாம் சரி. கார் நிறுத்தும் இடம், நடைபாதை, முகாம், அடுத்தவன் கேபின் வாசல், அடுத்தவன் பரண்: இவை எதையும் பார்க்கக் கூடாது. அடுத்தவன் பரணைப் பார்த்தபடி கேமரா கட்டுவது அவனுடைய வருகை நேரத்தை வேவு பார்ப்பது. வேறு எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தால்

போய்விடு. அதே மரத்தில் உன்னுடையதைக் கட்டாதே, எதிர் மரத்திலும் கட்டாதே. அந்தப் பெட்டி கண்ணில் படாத தூரத்துக்கு நகர்ந்து வேறு தடம் தேடு. சட்டப்படி நகர வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கேயே உட்கார்ந்து வேட்டையாட உனக்கும் உரிமை உண்டுதான். உரிமை இருக்கிறது என்பதற்காக ஒருத்தன் ஜூலையிலிருந்து கொசுக்கடியில் நடந்து கண்டுபிடித்த தடத்தில் அக்டோபரில் போய் நிற்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரே விதிவிலக்கு, மேடு முழுக்கப் பத்துப் பன்னிரண்டு பெட்டி கட்டி ஊரையே வளைத்துப்போட்டிருக்கும் ஆசாமிகள். அவர்களுக்காக நகர வேண்டாம். ஆனால் பெட்டியைத் தொடவும் வேண்டாம்.

பேச வேண்டும் என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் உன் முதல் பெயர், போன் நம்பர், ‘சனிக்கிழமைகளில் வருவேன், ஓடைக்குத் தெற்கே உட்காருவேன்’ என்று எழுதி, கேமராவுக்கு ஐந்தடி முன்னால் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நில். அதுவே படம் எடுத்துக்கொள்ளும். நீ எதையும் தொடவில்லை, சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. உன் அத்தான் இப்படித்தான் ஒரு ரிட்டயர்டு தச்சரைப் பழக்கம் பிடித்தார். இப்போது அந்த மனுஷனே ‘இந்த வாரம் நான் வரலை, மேட்டுப் பக்கம் நீங்க போங்க’ என்று மெசேஜ் அனுப்புகிறார்.

திறக்கவே கூடாதா என்று கேட்பாய். கூடாது. காட்டில் சாக்குச் சொல்கிறவர்களிடம் நான் கேட்டவை மூன்று ரகம். ‘கார்டைப் பார்த்துட்டு அப்படியே வெச்சிட்டேன், என்ன நஷ்டம்?’ என்பது முதலாவது. அந்தக் கார்டில் இருப்பது அவனுடைய நாலு மாத உழைப்பு. நீ கார்டு ரீடரில் போட்டுப் பார்த்தால் அந்த உழைப்பை எடுத்துக்கொண்டாய் என்றுதான் அர்த்தம். போதாததற்கு, சில கேமராவில் கார்டை வெளியே எடுத்துச் செருகினால் செட்டிங் தடுமாறும், கதவு சரியாக மூடாமல் மழைத் தண்ணீர் இறங்கும். இரண்டாவது, ‘என் அனுமதி இல்லாம என்னைப் படம் எடுத்துட்டான், என் படத்தை மட்டும் அழிச்சேன்.’ பொதுக் காட்டில் நடந்தவன் படத்தில் விழுவான். கையை ஆட்டிவிட்டுப் போ. மூன்றாவது, ‘லென்ஸை மரத்துப் பக்கம் திருப்பித்தான் விட்டேன்’, ‘கொஞ்சம் சேறுதான் பூசினேன்.’ இதைச் செய்கிறவன் கெட்டிக்காரன் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொள்கிறான். அவன் கை லென்ஸை நெருங்கும் முன்னாலேயே முகம் பதிவாகியிருக்கும். செல்லுலார் கேமரா என்றால் அந்த முகம் டவர் ஏறி உரிமையாளரின் போனுக்குப் போயிருக்கும். தொப்பி, தாடி, ஜாக்கெட் பிராண்டு எல்லாம் தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சினில் 2,500 டாலருக்கு மேற்படாத பொருளைத் திருடினாலே 9 மாதம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் இடம் தருகிறது. அடுத்தவர் வேட்டைக்கு இடையூறு செய்வதற்குத் தனிச் சட்டம் உண்டு. வேட்டைக்கு முன் இடம் பார்த்து வைக்கும் வேலையைக் கெடுப்பதும் அதில் அடக்கம். உனக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறதுடா. நீ ஹெச்-1பி-யில் இருக்கிறாய். உன்னைப் போல விசாவில் இருக்கிறவன் துப்பாக்கி வைத்திருப்பதையே பொதுவாக அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருக்கிறது என்ற விலக்கில்தான் நீ வேட்டைக்கே போகிறாய். அந்த லைசென்ஸ் போனால் எல்லாம் போச்சு. குடியேற்றச் சட்டத்திலும் திருட்டு வழக்கைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நூறு டாலர் பெட்டிக்காகக் கிரீன் கார்டு ஃபைலில் ஒரு கறை வேண்டுமா?

எல்லாப் பெட்டியும் வேட்டைக்காரன் பெட்டி என்றும் நினைக்காதே. ஸ்னாப்ஷாட் விஸ்கான்சின் என்று டி.என்.ஆர். நடத்தும் திட்டம் ஒன்று இருக்கிறது. மாநிலம் முழுக்கத் தன்னார்வலர்கள் கேமரா வைத்துப் படம் அனுப்புகிறார்கள். மான், கரடி, ஓநாய் எங்கெங்கே நடமாடுகின்றன என்பதற்கு அதுதான் பதிவு. அதில் ஒன்றைப் பிடுங்கினால் ஒரு வருஷப் பதிவு அறுந்துபோகும். கேம் வார்டன்கள் வைக்கும் கேமராவும் உண்டு. டென்னசியில் வனவிலங்குத் துறை ஆட்கள் ஒருத்தருடைய சொந்த நிலத்து மரத்தில் வாரன்ட் இல்லாமல் கேமரா கட்டிவைக்க, அவர் அதைக் கழற்ற, பிரச்சினை கோர்ட்டுக்குப் போய், அப்படி வாரன்ட் இல்லாமல் நிலத்துக்குள் நுழைந்து தேடுவது மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2024-ல் அப்பீல் கோர்ட் சொன்னது. அது சொந்த நிலம், அந்த மாநிலம். பொதுக் காட்டில் உனக்கு அந்தத் தீர்ப்பு துணைக்கு வராது.

உன் பெட்டி காணாமல் போனால்

முதலில் ஸ்ட்ராப்பைப் பார். சுத்தமாக வெட்டியிருந்தால் கத்தி. நார் நாராகப் பிய்ந்திருந்தால் அணில். பெட்டி இருபதடி தள்ளிப் புதரில் கிடந்து, மூடியில் இரண்டு ஆழமான ஓட்டை இருந்தால் அது கருங்கரடியின் கோரைப்பல். வடக்கு விஸ்கான்சினில் கரடிக்குப் புது பிளாஸ்டிக் வாசனை என்றால் அப்படி ஒரு பிரியம். மோந்து பார்க்கும், கடிக்கும், இழுக்கும். கார்டு பிழைத்திருந்தால் கடைசிப் படத்தில் மூக்கும் நாக்கும் மட்டும் தெரியும். கடையிலிருந்து வந்த பெட்டியை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கட்டாமல், வெறும் கையால் அதிகம் தொடாமல், கொஞ்ச நாள் வெளித் திண்ணையில் வைத்துவிட்டுக் கட்டினால் ஓரளவு தப்பிக்கலாம். முழு உத்தரவாதம் இல்லை. மரம் வெட்டும் ஆட்கள் வந்திருக்கலாம், அனுமதித்த காலம் தாண்டியதால் அலுவலகத்தார் கழற்றியிருக்கலாம். இத்தனையையும் பார்த்த பிறகு மனுஷனைச் சந்தேகப்படு.

திருட்டுதான் என்றால் வெறும் ஸ்ட்ராப்பையும் மரத்தையும் போட்டோ எடு, இடத்தை மேப்பில் குறி, சீரியல் நம்பரோடு ஷெரிஃப் ஆபீஸுக்கும் வார்டனுக்கும் புகார் கொடு. கேபிள் பூட்டு, இரும்புப் பெட்டி எல்லாம் அவசரத் திருடனைத்தான் தடுக்கும்; போல்ட் கட்டரோடு வருகிறவனைத் தடுக்காது. ஒரு கேமராவை இன்னொரு கேமரா உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்படி வைப்பது அதைவிட உபயோகம். ஆனால் படத்தில் விழுந்தவன் முகத்தை ஃபேஸ்புக்கில் போட்டு ‘இந்தத் திருடனைத் தெரியுமா?’ என்று கேட்காதே. அவன் வெறுமனே கடந்து போனவனாகவும் இருக்கலாம். படம் வார்டனுக்கு மட்டும் போகட்டும். கண்ணி வைப்பது, பெட்டியில் பிளேடு ஒட்டுவது போன்ற யோசனை யாராவது சொன்னால் அந்த ஆளோடு வேட்டைக்கே போகாதே.

பார்க்கிங்கில் நிற்கிற பிக்கப் வண்டிக்காரனிடம் போய் நியாயம் கேட்பது மட்டும் கூடவே கூடாது. இதை நான் கண்டிப்போடு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2004 நவம்பரில், இந்த மாநிலத்தின் சாயர் கவுண்டியில், மானுக்கு அலைந்த ஒருத்தர் தனியார் நிலத்தில் இருந்த அடுத்தவர் பரணில் ஏறி உட்கார்ந்தார். நிலத்துக்காரர்கள் வந்து இறங்கச் சொன்னார்கள். வாய் வார்த்தை முற்றியது. பரணில் இருந்தவர் மோங் சமூகத்தைச் சேர்ந்தவர். தன்னை இனத்தைச் சொல்லித் திட்டினார்கள், முதலில் சுட்டதும் அவர்கள்தான் என்று அவர் கோர்ட்டில் சொன்னார். அந்தத் தரப்பு மறுத்தது. சில நிமிஷங்களில் ஆறு பேர் செத்தார்கள், இரண்டு பேர் காயத்தோடு பிழைத்தார்கள். சுட்டவர் ஆயுள் தண்டனையில் இருக்கிறார். தொடக்கம் ஒரு மரப் பரண். காட்டில் எல்லோர் கையிலும் துப்பாக்கி இருக்கிறது என்பதை மறந்து பேசுகிற பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் நிறத்தில் இருக்கிறவர்களைக் காட்டில் கண்டால் இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அப்படி இல்லை, காபி ஊற்றிக் கொடுப்பார்கள். ஆனால் எதிரில் வருகிறவன் எந்த ரகம் என்று உனக்குத் தெரியாது. யாராவது ‘இது என் இடம்’ என்று குரல் உயர்த்தினால், ‘சரி, தெரியாம வந்துட்டேன், நல்லபடியா அமையட்டும்’ என்று சொல்லி நடந்துவிடு. வண்டிக்கு வந்த பிறகு வார்டனைக் கூப்பிடு.

கூட்டுக் குத்தகை

ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து அடுத்த வருஷம் நாற்பது ஏக்கர் குத்தகைக்கு எடுக்கப் போகிறோம் என்றாயே, அதற்கும் ஒரு வார்த்தை. அந்நியர்களுக்குள் சண்டை வந்தால் அன்றோடு முடியும். நண்பர்களுக்குள் வந்தால் வருஷக்கணக்கில் இழுக்கும். பணம் கட்டும் முன்பே நாலு விஷயத்தைப் பேசி வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போட்டுவிடுங்கள். கேமரா பொதுவா, ஆளுக்கு ஆள் தனியா? படம் எல்லோருக்கும் வருமா? மாதச் சந்தா யார் கட்டுவது? கார்டு எடுக்க யார், எப்போது உள்ளே நடப்பது? பொதுக் கேமரா என்றால் ஆப் பாஸ்வேர்டு எல்லோரிடமும் இருக்க வேண்டும். ஒருத்தன் மட்டும் பார்த்துவிட்டு, பெரிய கொம்பு வந்த படத்தை அமுக்கிவைத்துக்கொண்டு, சின்ன மான் படங்களைக் குரூப்பில் போடுவது நடக்கிற கதைதான். நிலத்துக்காரர் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் படத்தில் விழுந்தால் உடனே அழித்துவிடுவது, யாருக்கும் ஃபார்வர்டு செய்யாமல் இருப்பது: இதையும் எழுதியே வையுங்கள். குத்தகை அடுத்த வருஷமும் வேண்டுமென்றால் இதுதான் வழி.

பெரிய மான் படம் கிடைத்தால் காட்டிக்கொள்ள ஆசையாக இருக்கும். படத்தின் அடியில் ஓடும் பட்டையில் தேதி, நேரம், வெப்பநிலை, சில நேரம் நீ வைத்த இடப்பெயர்கூட இருக்கும். அதை வெட்டிவிட்டுப் போடு. பின்னணியில் பாலமோ வித்தியாசமான பாறையோ தெரிந்தால் போடவே போடாதே.

செல்லுலார் கேமரா பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். ஆள் நடமாட்டத்தைக் குறைப்பதால் அது நல்லதுதான். ஆனால் ‘டிங்’ என்று போன் அடித்ததும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அந்த மரத்துக்கு ஓடுவதை வேட்டை என்று நான் சொல்ல மாட்டேன். 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்டு க்ராக்கெட் கிளப்பும் அப்படித்தான் பார்க்கிறது. அந்த நிமிஷப் படத்தைப் பார்த்துக் குறிவைத்த மிருகத்தை அவர்கள் சாதனைப் புத்தகத்தில் ஏற்பதில்லை. ஆப்பில் அப்லோடு நேரத்தை நாளுக்கு ஒரு முறை என்று மாற்றிவிடு. பேட்டரியும் நீடிக்கும்.

காட்டில் ஆளே இல்லாமல் மிருகம் தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும் வித்தை நீ நினைப்பதுபோல் புதுசும் இல்லை. பக்கத்து மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் ஜார்ஜ் ஷிராஸ் என்ற வேட்டைக்காரர், கயிற்றை மான் இழுத்தால் ஃபிளாஷ் பவுடர் வெடித்துப் படம் விழும்படி செய்துவைத்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் அவருடைய 74 படங்கள் வந்தன. மனுஷன் போகப் போகத் துப்பாக்கியையே கீழே வைத்துவிட்டுக் கேமராவோடு மட்டும் அலைந்தார். உனக்கும் அப்படி ஆனால் உன் பெண்டாட்டிக்குச் சந்தோஷம்தான், ஃப்ரீசரில் இடம் மிஞ்சும்.

சீசன் முடிந்ததும் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்துவிடு. ஸ்ட்ராப்பை மரத்திலேயே விட்டுவிட்டு வருகிற சோம்பேறித்தனம் வேண்டாம். மரம் பருத்தால் பட்டையில் இறுகும். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியை வெளியே எடுத்துவிடு, உள்ளேயே கசிந்தால் அடுத்த வருஷம் புதுசுதான் வாங்க வேண்டும். கட்டப் போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை இங்கே வந்துவிட்டுப் போ. அத்தானிடம் பழைய கேபிள் பூட்டு ரெண்டு சும்மா கிடக்கிறது. சாவியை மட்டும் அவரையே தேடிக் கொடுக்கச் சொல், எனக்குத் தெரியாது.